மூன்றாம் வகுப்பின் ஒட்டெண்

புதன்கிழமை காலை மூன்றாம் வகுப்பின் ஒட்டெண் தொண்ணூற்று நான்கு.

பள்ளி வாசல் பலகை அதைப் பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது. கருவேலங்குளத்தில் பால் வாங்க வந்தவர்கள், பேருந்துக்கு நின்றவர்கள், ஒரு வேலையும் இல்லாமல் நின்றவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். யாருக்கு யாரோடு ஆகாது என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் குழாயடியில் அரைநாள் நிற்க வேண்டும். இப்போது அரசாங்கமே எண் போட்டுத் தந்துவிடுகிறது.

ஒட்டுமானி மணிக்கட்டில் கட்டுகிற பட்டை. நாடித்துடிப்பு, தோலின் வியர்வை, குரலின் ஏற்ற இறக்கம் மூன்றையும் அது குறித்துக்கொள்ளும். ஒரு வகுப்பின் நாடிகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அந்த வகுப்பு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஆளுக்கொரு பக்கம் துடித்தால் ஒட்டவில்லை. நூற்றுக்கு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஒட்டெண். முன்னொரு காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். அதையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறத்தில் கட்டிய பட்டை இது. நல்ல எண்ணம்தான். கெட்ட எண்ணத்தோடு எதையாவது தொடங்கினால்தான் ஊர் உஷாராக இருக்குமே.

தலைமையாசிரியை எப்சிபா டீச்சர் வாசலில் நின்று கடலைமிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். மாவட்டத்திலேயே எந்தத் தொடக்கப்பள்ளியும் தொண்ணூறைத் தாண்டியதில்லை. வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து மதிப்பீட்டு அலுவலர் வருகிறார், 'ஒரே கூடு' விருதோடு. டீச்சருக்கு முகமெல்லாம் பல்.

அந்த மிட்டாயை வாங்காமல் உள்ளே போனவள் ஒருத்திதான். இசக்கிப்பிரியா. பள்ளிக்கு எதிரே ஆட்டோக்களுக்கு மின்கலம் மாற்றித் தரும் கடை வைத்திருப்பவள். மகள் ஆதிரையோடு இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. புருஷன் எங்கே என்பதற்குத் தெருவில் மூன்று கதைகள் உண்டு. ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஆனால் மூன்றையும் சொல்வது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி கோமு ஒருத்திதான்.

டீச்சர் தன் அறைக்குத் திரும்பியதும் கேட்டாள்: "டீச்சர், எம்பிள்ளையோட ஒட்டெண் பதினொண்ணு. வகுப்புக்குத் தொண்ணூத்திநாலு. இது என்ன கணக்கு?"

"உக்காருங்கம்மா. ஒங்க பிள்ளையால வகுப்புக்கு ஒரு கொறையும் வரல. ரொம்பத் தள்ளி நிக்கிற ஒருத்தர மெசினே சேத்துக்காது. விலகுபுள்ளின்னு விட்டுரும்." ஆறுதலாகத்தான் சொன்னார். "ஒரு ஆள்னா விட்டுரும். ரெண்டு ஆள்னாதான் நமக்குக் கஷ்டம்."

"விட்டுருமா?" என்றாள் இசக்கி. "நேத்து என்ன நடந்துச்சுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

நேற்று கூட்டாஞ்சோறு. பள்ளியின் ஒட்டுறவுச் செயல்பாடுகளிலேயே பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஒருவர் அரிசி, ஒருவர் பருப்பு, ஒருவர் கத்தரிக்காய் என்று முப்பத்தொரு பிள்ளைகளும் ஆளுக்கொன்று கொண்டுவந்து, மைதானத்தில் பெற்றோர் சிலர் உதவியோடு ஒன்றாகப் பொங்கிச் சாப்பிட வேண்டும். ஆதிரைக்கு வந்தது உப்பு. அவள் நீட்டிய பொட்டலத்தை யாரும் வாங்கவில்லை. வேறு உப்பும் கிடையாது. முப்பது பிள்ளைகளும் உப்பில்லாத சோற்றை வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். ஒரு பிள்ளை முகம் சுளிக்கவில்லை. 'ரொம்ப நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு' என்று ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டே தின்றார்கள். பலகை அறுபதிலிருந்து தொண்ணூற்று நான்குக்குப் போனது அந்த அரைமணி நேரத்தில்தான்.

"நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டியளாமே?"

"சாப்பிட்டேன்."

"உப்பு இல்லன்னு தெரியலையா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரிஞ்சுது. பிள்ளைய எல்லாம் ஒரே மனசா இருக்கும்போது நாம எதுக்குக் கெடுக்கணும்னு…"

"என்ன சொன்னிய?"

"நல்லாருக்குன்னு சொன்னேன்."

டீச்சர் மோசமானவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆதிரை வந்த புதிதில், புதுப்பிள்ளைக்கு எண் குறைவாகத்தானே இருக்கும், அதை ஏற்றவேண்டும் என்று அவர் படாத பாடு பட்டார். திங்கள்தோறும் 'ஆதிரைக்கு ஒரு வாழ்த்து'. புதன்தோறும் 'ஆதிரையோடு ஒரு விளையாட்டு'. சிரிக்காத பிள்ளையைக் கூப்பிட்டுச் சிரிக்கச் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளைகள் எத்தனை வாரம் ஒருத்தியைப் பார்த்து உத்தரவின்படி சிரிக்கும்? மூன்றாம் வாரமே அவளைப் பார்த்தால் முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் எரிச்சல் வந்தது. ஒரே நேரத்தில் வந்ததா, பட்டைக்கு அதுதானே வேண்டும்? எண் ஏறியது. டீச்சர் மகிழ்ந்து போய் வாழ்த்தை இரண்டாக்கினார்.

"டி.சி. குடுங்க. நான் வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிடுதேன்."

டீச்சரின் கை கண்ணாடியோடு நின்றுவிட்டது. அவர் கணக்கு டீச்சர். அந்தப் பிள்ளை போனால் தொண்ணூற்று நான்கு என்ன ஆகும் என்று அந்த நொடியில் போட்டுப் பார்த்திருக்க மாட்டாரா என்ன?

"நாளைக்குக் குழுக்கூட்டம் இருக்கு. அங்க பேசிக்கிடுவோம்" என்றார்.

வியாழக்கிழமை மாலை இருபத்தாறு பெற்றோர்கள் வந்தார்கள். கூட்டத்துக்கு வரும் பெரியவர்களும் பட்டை கட்ட வேண்டும், அது விதி. கூடத்துச் சுவரில் இருந்த சிறிய பலகை முப்பத்தெட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. நியாயம்தான். அந்த இருபத்தாறு பேரில் பாதிப்பேர் மீதிப்பேர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள்.

இசக்கி எழுந்து உப்புக் கதையைச் சொன்னாள். "ஒங்க பிள்ளையள யாரும் குத்தம் சொல்லல. பெரியாளுவ பாத்துக்கிட்டு நின்னியளே, அதத்தான் கேக்கேன்."

பலகை ஐம்பத்தொன்பது என்றது.

"சின்னப் பிள்ளைய வெளையாட்டுக்கு இம்புட்டுப் பேச்சா?" என்றாள் கோமு. "ஒம்பிள்ள யாருகிட்டயாவது மொகங்குடுத்துப் பேசுதா? எம்பிள்ள பூரணி எத்தன தடவ கூப்பிட்டிருக்கா!"

"பூரணிதான் மொதல்ல பொட்டலத்தத் தள்ளிவிட்டுருக்கா."

"ஏ, வாய அடக்கிப் பேசு!"

எழுபத்திரண்டு. பின்வரிசையில் யாரோ, "வந்து ஆறு மாசம் ஆகல, நமக்குப் பாடம் எடுக்கா" என்றார். சிரிப்பு எழுந்தது. எண்பத்தெட்டு. பங்காளிச் சண்டையில் எட்டு வருடமாகப் பேசாதிருந்த இரண்டு பேர் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். தொண்ணூற்று ஆறு.

இசக்கி திரும்பிப் பலகையைப் பார்த்தாள். விரலை நீட்டிக் காட்டினாள். "பாருங்க. ஒங்க மூஞ்சிய அங்க பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் கோமு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "சரிம்மா. போறதுன்னா போ. ஆனா வெள்ளிக்கிழம ஒரு நாளு மட்டும் பிள்ளைய அனுப்பு. ஆபீசர் வந்துட்டுப் போட்டும். ஊருக்காகக் கேக்கேன்."

ஏன் அந்த ஒரு நாள் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் அர்த்தம்.

"எம்பிள்ள என்ன ஒங்க அடுப்புக்கு வெறகா?" இசக்கி மேசையில் ஓங்கி அடித்தாள். "கையெழுத்துப் போடுங்க டீச்சர். இப்பவே போடுங்க."

டீச்சர் போட்டார். வெள்ளி காலை ஆதிரை, கூட்டிப்போக வந்த பெரியம்மாவோடு அவர் ஊருக்குப் பேருந்து ஏறினாள். பட்டையை அவிழ்த்துப் பள்ளி வாசலில் கொடுத்துவிட்டுப் போகும்போது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே போனாள். இசக்கி வழக்கம்போலக் கடையைத் திறந்தாள்.

அன்று காலை மூன்றாம் வகுப்பின் ஒட்டெண் நாற்பத்தொன்று.

எப்சிபா டீச்சர் முகம் கழுவிக்கொண்டு வந்தார், திரும்பவும் போய்க் கழுவினார். அலுவலருக்குக் காட்டவேண்டிய செயல்பாடு தேர் இழுத்தல். பிள்ளைகளே அட்டையிலும் மூங்கிலிலும் செய்த ஆளுயரத் தேர், இருபதடி வடம். ஒத்திகையில் ஒருவன் இப்படி இழுத்தான், ஒருத்தி அப்படி இழுத்தாள், தேர் வேலியில் முட்டியது. யார் முன்னால் பிடிப்பது என்று மூன்று சண்டை. சண்டை போடுகிற பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள், ஆனால் எண் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.

பதினோரு மணிக்கு அலுவலரின் வண்டி வந்து நின்றபோது பலகை தொண்ணூற்று இரண்டு காட்டியது.

இடையில் என்ன நடந்தது என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பூரணி புதுச் செருப்புப் போட்டு வந்தாள் என்கிறார்கள். அவள் அம்மா மேடையில் உட்காருவதைப் பற்றி ரொம்பப் பேசினாள் என்கிறார்கள். எதுவாக இருந்தால் என்ன, ஆதிரை விட்டுப்போன இடம் காலியாக இருந்தது. இருபத்தொன்பது பிள்ளைகளும் வடத்தை நெருக்கிப் பிடித்திருந்தார்கள். பூரணி எந்த இடத்தில் கையை வைத்தாலும் அந்த இடத்தில் ஒரு முழங்கை வந்தது.

மேடையில் கோமு. கையில் ஒலிவாங்கி. இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருந்தார்கள். தன் மகள் வடத்தின் நீளம் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அம்மா அல்லவா, முதலில் பார்த்ததே அவள்தான். வாயைத் திறந்தாள். கீழே இருபத்தைந்து பெற்றோர்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று நியாயம் கேட்டவளுக்கு நேற்று என்ன கிடைத்தது என்று கோமுவைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"எங்க பள்ளிக்கூடம்," என்றாள், "ஒரே குடும்பம் மாதிரி."

ஒலிபெருக்கி அதை எதிர்க்கடைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இசக்கி நிமிர்ந்து, வடத்தோரம் தனியாக அலைந்த பூரணியைப் பார்த்தாள்; கையிலிருந்த மின்கலத்தை அப்படியே போட்டுவிட்டுச் சாலையைக் கடந்து வந்தாள். மைதானத்துக்குள் வருகிற எல்லோரையும் கணக்கில் சேர்க்க வாசலில் காவலாளி நீட்டிய பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டே மைதானத்துக்குள் நடந்தாள். நேராகப் போய் வடத்தின் முன்நுனியைப் பிடித்தாள். மறுகையால் பூரணியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஏட்டி, பிடி."

பூரணி பிடித்தாள். மற்றப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வடத்தை விட்டார்கள்.

பலகை மடமடவென்று எழுபதுக்கு இறங்கியது. இப்போது தள்ளி நிற்பவர்கள் இரண்டு பேர். அலுவலர் தன் கைத்திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். எப்சிபா டீச்சர் பாதி எழுந்தார்.

"எம்பிள்ள கைய விடுடி!" கோமுவின் கூச்சல் ஒலிவாங்கி வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. "ஒன்ன யாரு கூப்பிட்டா? வெளிய போ!"

"போ வெளிய!" என்றார் ஒருவர். பிறகு இருபத்தைந்து பேரும். பிறகு பிள்ளைகளும்.

பூரணி மேடையில் அம்மாவைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்களில் யாரும் தன்னை முறைக்கவில்லை, எல்லோர் கண்ணும் இசக்கி மேல்தான் என்பது அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. வடத்தை விட்டாள். ஓடிப்போய் அவர்களோடு நின்றாள். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி அவள் தோளில் கை போட்டாள்.

"போ வெளிய!" என்றாள் பூரணி, எல்லோரையும்விடச் சத்தமாக.

நூறு.

பலகை அந்த எண்ணை அதுவரை காட்டியதே இல்லை. நூறு என்றால் விலகுபுள்ளி போக ஒரு நாடி பாக்கியில்லை என்று அர்த்தம். டீச்சருடையது உட்பட. மைதானமே அதிரும்படி கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள், சந்தோஷத்தில்தான்.

இசக்கி வடத்தை விடவில்லை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் தேர் லேசாக ஆடியது.

"பிரமாதம் மேடம்!" அலுவலர் விருதை டீச்சர் கையில் திணித்துவிட்டு உடனே படிவத்தைத் திறந்தார். "இந்த ஆக்டிவிட்டிய அடுத்த மாசம் எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிடறோம். தேவையான பொருட்கள் என்னென்ன, சொல்லுங்க."

"தேர் ஒண்ணு," என்றார் எப்சிபா டீச்சர். "வடம், இருபதடி."

"அப்புறம்?"

டீச்சர் மைதானத்தின் பக்கம் திரும்பினார். அலுவலர் நிமிர்ந்து, வடத்தோடு தனியாக நின்றவளைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு தாமாகவே எழுதிக்கொண்டார்: வெளியாள், ஒருவர்.

குறிப்பு என்ற கட்டத்தில் இப்படி நிரப்பினார்: உள்ளூரிலேயே கிடைப்பார்.