ரோபோவுக்கு மூச்சு கிடையாது

அரிமளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிராங்க்ளின், கண்டக்டர் வீட்டுக்கு வழி கேட்டது மாவு மில் செவந்தியிடம். அவள் தலையிலிருந்து கால் வரைக்கும் மாவு. புதிதாய்ப் பார்ப்பவர்களுக்கு அவளே பேய் மாதிரிதான் தெரிவாள். ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது.

“அங்கிட்டு மூணாவது வீடு. மில்லு நிக்கிறதுக்குள்ள வெளிய வந்துருங்க தம்பி.”

“ஏங்க்கா?”

“ஓடுற வரைக்கும் ஒண்ணும் கேக்காது. பன்னெண்டு மணிக்கு நிப்பாட்டிருவேன். நானும் சோறு திங்கணும்ல?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஆத்மநாதனுக்கு மனைவி போய்ப் பத்து வருடம். இருந்த ஒரே மகள் இசைவாணியும் இரண்டு மாதத்துக்கு முன்னால், இருபத்தாறு வயதில், மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தாள். சின்ன வயதிலிருந்தே வீசிங்.

வாணிக்கும் பிராங்க்ளினுக்கும் சிநேகம் ஒரு ஜப்பான் கார்ட்டூனால் வந்தது. இருபத்தைந்து வருடப் பழசு, பன்னிரண்டே பாகம். மகளைப் பறிகொடுத்த ஒருவன் அவள் சாயலில் ஒரு ரோபோவைச் செய்கிறான். செய்து முடித்ததும் பயம் பிடித்துக்கொள்ள, அதை அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறான். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் கதவுக்குப் பின்னாலிருந்து அது இரண்டு தடவை ‘அப்பா’ என்று கூப்பிடும். அவன் பதிலே சொல்ல மாட்டான். சொன்னால் அது மனுஷியாகிவிடுமே என்ற பயம். ஜப்பானிலேயே பாதிப்பேர் பயந்து டிவியை அணைத்துவிட்டார்களாம். உலகத்தில் அதை ரசிக்கிறவர்கள் ஒரு நாற்பது பேர் தேறுவார்கள். அதில் இரண்டு பேர் புதுக்கோட்டை மாவட்டம்.

அந்த இருவரும் அதைத் தமிழில் பேசவைத்தார்கள். குரல் வாணி. ஒட்டுவது வெட்டுவதெல்லாம் விராலிமலையில் பிராங்க்ளின். பதினோரு பாகம் முடிந்திருந்தது. கடைசிப் பாகத்துக்கு அவள் பேசிய பதிவைக் கேட்கத்தான் இப்போது வந்திருந்தான்.

வாசலில் நின்ற ஆத்மநாதன் பாதியாய் இளைத்திருந்தார். சட்டைப் பையில் நீல நிற இன்ஹேலர் துருத்திக்கொண்டிருந்தது.

“வாங்க தம்பி. சாப்ட்டீங்களா?”

“ஆச்சு அங்கிள். நீங்க?”

அவர் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனார். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க, சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் சாக்கும் வைத்து அடித்திருந்தாள் வாணி. உள்ளே தூசி வாடை, பஞ்சு வாடை, லேசாகத் தைல வாடை. மேசையில் கையடக்க ரெக்கார்டர் ஒன்று. இரண்டு மாதமாக யாரும் தொடவில்லை.

“மில்லு நின்னாத்தான் ரெக்கார்டு பண்ணும் பாப்பா. உச்சிப் பொழுதுல ‘அப்பா, அப்பா’ன்னு சத்தம் வரும். மொதல்ல நான், ‘என்னம்மா’ன்னு ஓடுவேன். ‘போங்கப்பா, டேக் போச்சு’ன்னு கத்தும்.”

கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

“அப்புறம் பேசி வச்சுக்கிட்டோம். உச்சி வேளையில யாரு கூப்பிட்டாலும் மூணாவது கொரலுக்குத்தான் பதில் சொல்லணும்பாங்கள்ல? பேய் ரெண்டோட நிப்பாட்டிக்கும். பதில் சொன்னவன கையோட கூட்டிப் போயிரும். ‘எங்க ரோபோவும் ரெண்டு தடவதான்ப்பா கூப்பிடும். நெசமா வேணும்னா நான் மூணு தடவ கூப்பிடுறேன்’னுச்சு.”

பிராங்க்ளினுக்கு விளங்க ஆரம்பித்தது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

“அன்னிக்கும் ரெண்டு தடவ கேட்டுச்சு தம்பி. நான் அந்தா, அந்த சேர்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். முப்பது வருசம், ரெண்டு விசில்னா வண்டி போகலாம்னு இருந்த ஆளு. மில்லு மறுபடி ஓடுறப்பத்தான் கதவத் தொறந்தேன்.”

இன்ஹேலரைத் தொட்டுக்கொண்டார்.

“இது டிவி மேலேயே இருந்துச்சு.”

பிராங்க்ளின் மேசையிலிருந்த ரெக்கார்டரை எடுத்தான்.

“அன்னியிலேருந்து தெனமும் உச்சிக்குக் கூப்பிடுது. ரெண்டே தடவ. கேட்டுச் சொல்லுங்க தம்பி. அன்னிக்குக் கூப்பிட்டது ரோபோவா, எம்புள்ளையா? ரோபோன்னா நான் பேசாம கெடப்பேன். எம்புள்ளைன்னா…”

பிராங்க்ளின் ஹெட்போனை மாட்டினான்.

ரோபோவுக்கு மூச்சு கிடையாது. அதனால் இரண்டு ‘அப்பா’வையும் இடையில் மூச்சு விழாமல் சொல்வாள் வாணி. பதினோரு பாகத்திலும் அப்படித்தான். அந்தச் சுத்தத்தைக் கேட்டுத்தான் ஜனங்களுக்கு முதுகு சில்லிட்டது.

“அப்பா.”

நடுவே ஒரு மூச்சு. ஓட்டைப் புல்லாங்குழலில் காற்றுப் போகிற மாதிரி நீளமாக, கீச்சென்று.

“அப்…பா.”

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஒன்றுமில்லை. அதை ஓட்டிவிட்டுக் கேட்டான். மில்லின் உறுமல், கதவு திறக்கும் சத்தம், ஒரு மனிதனின் அலறல்.

ஹெட்போனைக் கழற்றினான்.

“ரோபோதான் அங்கிள்.”

ஆத்மநாதன் அவன் முகத்தையே பார்த்தார். செல்லாத நோட்டைக் கொடுக்கிற பயணியைப் பார்க்கிற பார்வை.

“சரி தம்பி,” என்றார்.

மில் நின்றது.

தெரு அப்படியே அடங்கிற்று. வாசலில் வெயில் வெள்ளையாய் நின்றது. இரண்டு பேரும் கூடத்துக்கு வந்து, அறைக் கதவைச் சாத்தி உட்கார்ந்தார்கள்.

“அப்பா.”

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்துதான். ரெக்கார்டரோ பிராங்க்ளின் மடியில் கிடந்தது.

அணைந்திருந்தது.

பிறகு அந்த மூச்சு. கீச்சென்று, கதவிடுக்கு வழியாக, தைல வாடையோடு.

“அப்…பா.”

ஆத்மநாதன் அசையவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்றுக்காக வாய் திறந்தே இருந்தது.

மூன்று வரவில்லை. உள்ளே மூச்சு மட்டும் தேய்ந்துகொண்டே போயிற்று.

மூன்றாவது தடவை கூப்பிட அவளிடம் மூச்சு இல்லை. அன்றைக்கும் அதுதான் நடந்தது.

பிராங்க்ளினால் பொறுக்க முடியவில்லை.

“அங்கிள், பொய் சொல்லிட்டேன். நடுவுல மூச்சு இருக்கு. வாணிதான். வாணிதான் அங்கிள்.”

“தெரியும் தம்பி,” என்றார் ஆத்மநாதன். “யாராச்சும் சொல்லணும்ல.”

எழுந்தார். சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, தொப்பியைக் கழற்றி, இரண்டு குலுக்குக் குலுக்கினார்.

“இந்தா வந்துட்டேம்மா.”

கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

பிராங்க்ளின் தட்டினான், தள்ளினான், தோளால் முட்டினான். கதவு அசையவில்லை. தெருவுக்கு ஓடி ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் செவந்தி நேரத்துக்கு முன்பே மில்லைப் போட்டுவிட்டாள். அந்த உறுமல் கேட்டதும் கதவு சும்மா திறந்துகொண்டது.

மெத்தைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ஆத்மநாதன். ஒரு கையில் இன்ஹேலர். இன்னொரு கை பக்கத்தில், யாரோ குழந்தையின் முதுகை நீவிவிடுகிற மாதிரி, காற்றில் வளைந்திருந்தது. இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. கடைசி டிரிப்பை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

பன்னிரண்டாம் பாகம் வெளிவரவில்லை. அந்த நாற்பதில் மிச்ச முப்பத்தெட்டுப் பேரும் திட்டி எழுதுகிறார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு பகலில், விராலிமலையில் தன் அறையில் பிராங்க்ளின் அந்தப் பதிவை மறுபடி கேட்டான். அவன் வீட்டருகே மில் எதுவும் கிடையாது. ஆனாலும் எங்கோ ஒரு மில் நின்ற மாதிரி, காதில் அமைதி அடைத்தது.

“அப்பா.”

மூச்சு.

“அப்…பா.”

ஒன்றேகால் மணி நேர மௌனம் இல்லை. உடனே கதவு திறந்தது.

“இந்தா வந்துட்டேம்மா.”

இன்ஹேலர் இரண்டு முறை உஸ்ஸென்றது. கீச்சு மெல்ல மெல்லக் குறைந்து, மூச்சு நேரானது. அலறல் வருகிற இடத்துக்காகப் பிராங்க்ளின் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். அலறல் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பும் அழுகையுமாக வாணியின் குரல்.

“போங்கப்பா. டேக் போச்சு.”

கண்ணைத் திறந்து ரெக்கார்டரைப் பார்த்தான். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

இன்னும் பதிவாகிக்கொண்டிருந்தது.