ஏழு பேர் எழுந்தார்கள்!

மணி அடித்தது.

கூண்டுக்குள் எட்டு பேர் விழுந்து கிடந்தார்கள்.

ஏழு பேர் எழுந்தார்கள்.

எட்டாவது ஆள்...

எழவில்லை!

"லான்னி! எந்திரி ராஜா! எந்திரி!"

மைதானமே கத்தியது. ஜூலை நான்காம் தேதி மத்தியான வெயில். டென்னஸி மாநிலத்தின் மில்பர்ன் ஊர்க்காரர்கள் சர்ச்சுக்குக்கூட லேட்டாகத்தான் வருவார்கள். கூண்டுக்குள் நடக்கும் மல்யுத்த மேட்ச் என்றால் காலையிலேயே மடக்கு நாற்காலியோடு வந்து இடம் பிடித்துவிடுவார்கள்.

போலீஸ் டெபுட்டி வெல்மா ஹக்கபி கூண்டின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் ட்யூட்டி. வேண்டாம் என்று கெஞ்சியும் ஷெரிஃப் தலையில் கட்டிய ட்யூட்டி!

லான்னி ப்ரெவர்ட் குப்புறக் கிடந்தான். ஊரின் செல்லப் பிள்ளை. புரட்டிப் போட்டாள்.

நெற்றி முழுக்க ரத்தம். வாயோரம் நுரை. மார்பில் வாந்தி.

சற்று முன் இவன் வெட்டி வெட்டி இழுத்தபோது ஜனம் எழுந்து நின்று கைதட்டியதே... அது நடிப்பு இல்லையா!

கழுத்தில் விரல் வைத்தாள்.

துடிப்பு இல்லை.

"ஆம்புலன்ஸ்!" என்று அலறினாள். "செத்துட்டான்!"

முன்வரிசையில் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தவன் சிரித்தான்.

"பதறாதீங்க மேடம்! போன வாரமும் இப்படித்தான் செத்தான்!"

-----

ஷெரிஃப் கார்ல் டக்கெட்டுக்கு விசாரணை என்றால் அலர்ஜி. பத்தே நிமிடத்தில் ஒரு ஆளைப் பிடித்து விலங்கு மாட்டிவிட்டார்.

கமிஸார் க்ராகோ!

ரஷ்யக் கொடி போட்ட ஜட்டி. மொட்டைத் தலை. லான்னியின் பரம எதிரி.

"சங்கிலியைக் கழுத்துல சுத்தி நெரிச்சான். மைதானமே பார்த்துச்சு!" என்றார் ஷெரிஃப். "இவ்வளவு சாட்சி உலகத்துல எந்தக் கேஸுக்கும் கிடைச்சிருக்காது, வெல்மா!"

"அந்த மைதானம்தான் லான்னி செத்ததுக்கும் கை தட்டிச்சு, ஷெரிஃப்."

"உனக்கு மல்யுத்தம்னாலே பிடிக்காது."

"ஆமா. பிடிக்காது. நாய்ச் சண்டைக்குக் கேஸ் போடறோம். இதுக்கு டிக்கெட் கிழிக்கறோம்."

ஸ்டேஷனுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவன் கையில் தாம்புக் கயிறு. விளையாட்டுக்குக் கொண்டு வந்த மாதிரி தெரியவில்லை.

"அந்த ரஷ்யாக்காரனை வெளிய அனுப்பு, கார்ல்! மீதியை நாங்க பாத்துக்கறோம்!"

-----

மேட்ச்சை நடத்தியவர் ஹாய்ட் பென்டர்கிராஸ். வெள்ளை ஷூ, வெள்ளை பெல்ட், வாயில் பாதிச் சுருட்டு.

தன் ஆள் செத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. அதற்குள், "அடுத்த சனிக்கிழமை அஞ்சலி மேட்ச்... கூண்டுக்குள்ள பத்து பேர்!" என்று ரேடியோக்காரனுக்குப் பேட்டி கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்.

வெல்மா முறைத்தாள்.

"எட்டு பேரை விட்டு ஒருத்தன் செத்தது போதாதா?"

"ஒருத்தன்தானேம்மா செத்தான்?" உட்கார்ந்தார். "உனக்குப் புரியாது. எங்கப்பா காலத்துல ரிங்குக்குள்ள ரெண்டே பேர், கூண்டு கிடையாது. தோக்கற நேரம் பாத்து வில்லன் வெளிய குதிச்சு ஓடிடுவான். ஜனம் கொதிச்சுப் போச்சு. அப்பா கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையை வாங்கி ரிங்கைச் சுத்திக் கட்டினாரு. ஓடுடா பாக்கலாம்!"

"அப்புறம்?"

"ரெண்டு பேர் அலுத்துப் போச்சு. நாலு பேரை விட்டோம். அதுவும் அலுத்துச்சு. ரெண்டு ரிங்கை ஒட்டிப் போட்டு, ஒரே கூண்டுல எட்டு பேர்! எல்லாரையும் ஒண்ணா விடக்கூடாது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தன். அடுத்து யாரு... நம்மாளா, அவங்காளா... அந்தத் தவிப்புக்குத்தான் ஜனம் வர்றது."

"ரத்தத்துக்கு இல்லையா?"

"அதுக்கும்தான்." சுருட்டை நகர்த்தினார். "ஊர்ல தப்பு பண்றவன் எல்லாம் தப்பிச்சு ஓடறான். எங்க கூண்டுல ஒருத்தனும் ஓட முடியாது. அதைப் பார்க்கத்தான் குடும்பத்தோட வர்றாங்க."

சொல்லிவிட்டு, ஏதோ புண்ணிய காரியம் செய்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"லான்னி நெத்தியில ரத்தம் எப்படி வந்துச்சு?"

"க்ராகோ குத்தினான்."

"குத்தின காயம் கோடு போட்ட மாதிரி இருக்காது."

ஹாய்ட் கதவைப் பார்த்தார். ஷெரிஃபைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"விரல் கட்டுக்குள்ள துண்டு பிளேடு வச்சிருப்பான். அவனே கீறிக்குவான்."

ஷெரிஃபின் கையிலிருந்த காபி சிந்தியது.

"அவனே... கீறிக்குவானா?"

"எட்டு பேருமா கீறிக்குவாங்க?" வெல்மா விடவில்லை.

"ஒருத்தன்தான். அது யாரு, மேட்ச்ல யாரு ஜெயிக்கணும்... எல்லாம் நான்தான் முடிவு பண்ணுவேன். மேட்சுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ட்ரெஸ்ஸிங் ரூம்ல சொல்லுவேன். அதுவரைக்கும் எவனுக்கும் தெரியாது."

ஷெரிஃப் இன்னும் காபியைத் துடைக்கவில்லை.

"சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்..." என்றார், யாரிடமும் இல்லாமல்.

அப்போது...

டெலிபோன் அலறியது!

வெல்மா எடுத்தாள். மறுமுனையில் பிரேதப் பரிசோதனை டாக்டர். கேட்கக் கேட்க அவள் புருவம் ஏறியது.

வைத்தாள்.

"கழுத்துல ஒரு காயமும் இல்லை. நிக்கோட்டின் விஷம். நெத்திக் காயத்துல வாடையே அடிக்குதாம், அது வழியாத்தான் உள்ள போயிருக்கு."

"புகையிலைத் தோட்டத்துப் பூச்சி மருந்தா?" என்றார் ஷெரிஃப். "அது இந்த ஊர்ல எல்லார் கொட்டகையிலயும் இருக்குமே... ஆங்! க்ராகோ கை விரல் முட்டியில தடவிட்டு வந்து, அந்தக் காயத்துலயே குத்தியிருக்கான்!"

"அவன் முட்டியைப் பாத்தீங்களா? கம்பி வலையில கிழிஞ்சு தோல் உரிஞ்சு தொங்குது. அதுல விஷம் தடவியிருந்தா அவன்தான் முதல்ல செத்திருப்பான்!"

வெளியே கண்ணாடி உடையும் சத்தம்.

கூட்டத்துக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

-----

க்ராகோ லாக்கப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"லான்னியோட காயத்தை வேற யார் தொட்டது?" என்றாள் வெல்மா.

"நான்... சோவியத் வீரன்! அமெரிக்கா போலீஸ் கேள்வி... பதில் இல்லை!"

"உன் பேர் டெல்பர்ட் ஹிக்ஸ். பக்கத்து ஜில்லாவுல பிறந்து வளந்தவன். லைசென்ஸ்ல இருக்கு. அந்த அரைகுறைப் பேச்சை விடு."

"நான்... சோவியத்..."

"யோவ்! வெளிய கயிறோட நிக்கறாங்க! உனக்காக இந்தக் கேஸ்ல பேசறது நான் ஒருத்திதான். கூண்டு ரகசியத்தைக் காப்பாத்தறதுக்காகத் தூக்குல தொங்கப் போறியா?"

வெல்மா கிளம்பத் திரும்பினாள்.

"சரி. லான்னியோட பெண்டாட்டி பிணவறை வாசல்ல மயங்கி விழுந்துட்டாளாம். போய்ப் பாத்துட்டு வர்றேன்."

அந்தப் பெரிய மொட்டைத் தலை சட்டென்று திரும்பியது.

"மயங்கிட்டாளா? அவளுக்குச் சர்க்கரை இருக்கு மேடம்! யாராவது ஜூஸ் கொடுத்தாங்களா?"

சுத்தமான டென்னஸிப் பேச்சு!

வெல்மா அப்படியே நின்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

மலை மாதிரி இருந்தவன் பொலபொலவென்று அழுதான்.

"அவ என் தங்கச்சி... லான்னி என் மச்சான். ஒன்பது வருஷமா ஊருக்கு முன்னாடி அடிச்சுக்கிட்டோம். ஒரே கார்ல போனா நடிப்புன்னு தெரிஞ்சிடும்னு தனித்தனியாப் போவோம். தங்கச்சி கல்யாணத்தைக்கூட சமையலறை ஜன்னல் வழியாத்தான் பாத்தேன்!"

"யாருக்காவது தெரியுமா?"

"ஹாய்டுக்கு மட்டும். அடுத்த மாசம் நாங்க ரெண்டு பேரும் வடக்க ஒரு பெரிய கம்பெனிக்குப் போறதா இருந்தோம். அதையும் அவர்கிட்ட சொல்லிட்டோம்." மூக்கைத் துடைத்தான். "ஆனா... போன ஞாயித்துக்கிழமை லான்னிக்குப் பிறந்த நாள். ரொம்ப தூரம் தள்ளி, ஏரிக்கரை ஓட்டல்ல கெளுத்தி மீன் வறுவல் சாப்பிட்டோம். ஒரே தட்டுல பீச் பழம் வச்ச இனிப்புப் பை. வெளிய ஒரு பொம்பளை நின்னு எங்களையே பாத்துக்கிட்டிருந்தா. முகம் தெரியலை."

"இன்னிக்கு அவன் காயத்தை யார் தொட்டது?"

"நான் குத்தினேன். அப்புறம் வழக்கம்போல வலை ஓரமா ஊர்ந்து போனான். வலைக்கு அடியில கேப் இருக்கும். ஓஸெல்லாக்கா ஈர டவல் கொடுத்தாங்க. நெத்தியில அழுத்திக்கிட்டான்..."

நிறுத்தினான்.

"அதுக்கப்புறம்தான் மேடம்... அவனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சது!"

-----

ஓஸெல்லா டிம்ஸ், லான்னி ரசிகர் மன்றத் தலைவி. ஐம்பது வயது. தனிக்கட்டை. மேட்ச் பார்க்க வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வருகிற ஒரே பெண்மணி. தொப்பி ஊசியால் க்ராகோவின் பிட்டத்தில் மூன்று முறை குத்தி, மூன்று முறையும் கோர்ட்டில் அபராதம் கட்டியவள்.

வாசலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் முகத்தில் பவுடர் கலையவில்லை.

"வா வெல்மா. ஷெரிஃப், நீங்களும் வாங்க. ஐஸ் டீ கொண்டு வரட்டுமா?"

உள்ளே போன வெல்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டவல். ஒவ்வொரு டவலிலும் காய்ந்து கறுத்த ரத்தம். கீழே பித்தளைத் தகட்டில் ஊர், தேதி. நடுவில் ஏசுநாதர் படம், பாவம், இடம் இல்லாமல் ஒடுங்கியிருந்தது.

"சீ!" என்றாள் வெல்மா. "இதையெல்லாம் வச்சுக்கிட்டு எப்படிச் சோறு இறங்குது உங்களுக்கு?"

"அது லான்னியோட ரத்தம்மா!" என்றாள் ஓஸெல்லா, கோபமாக.

சமையலறைக் கொடியில் இன்றைய டவல் காய்ந்துகொண்டிருந்தது.

ரத்த வாடைக்கு ஈக்கள் மொய்த்திருந்தன...

இல்லை.

டவலுக்கு நேர் கீழே, தரையில், கறுப்புக் குவியலாக...

அத்தனை ஈக்களும் செத்துக் கிடந்தன!

வெல்மா திரும்பினாள்.

"ஏன்க்கா?"

ஓஸெல்லா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். உள்ளே ரப்பர் கையுறை இன்னொரு ஜோடி.

"ஒன்பது வருஷம், வெல்மா. அவன் மண்டை உடையறப்பெல்லாம் சோறு இறங்காம கிடந்தேன். அவனுக்காக அந்த மொட்டையனை ஊசியால குத்தி கோர்ட் படி ஏறினேன். என்னைக் கட்டிக்கறேன்னு வந்த நல்ல மனுஷனை, 'நீ க்ராகோவுக்குக் கை தட்டினே'ன்னு விரட்டி விட்டேன்!" கையுறையை மடியில் அறைந்தாள். "கடைசியில ரெண்டு பேரும் ஒரே தட்டுல பீச் பை திங்கறாங்க! அவன் வாயில இவன் ஊட்டி விடறான்!"

"ஒரே தட்டுலயா?" என்றார் ஷெரிஃப். கொலையைவிட இதுதான் அவரை உலுக்கியது.

"ஷெரிஃப்!" என்று அதட்டினாள் வெல்மா. "அக்கா, டவல்ல மருந்தை எப்போ ஊத்தினீங்க?"

"காலையில. பிஸ்கட்டை அடுப்புல வச்சுட்டு, கொட்டகைக்குப் போய் எடுத்துட்டு வந்து ஊத்தினேன்."

"காலையிலயா?" வெல்மா குனிந்தாள். "எட்டு பேர்ல ஒருத்தனுக்குத்தான் ரத்தம் வரும். அது லான்னின்னு அந்த எட்டு பேருக்கே மத்தியானம்தான் தெரியும். உங்களுக்குக் காலையிலயே எப்படித் தெரிஞ்சுது?"

ஓஸெல்லா கழற்றிய கையுறையை மடிக்க ஆரம்பித்தாள்.

"ஏரிக்கரை ஓட்டலுக்கு எதுக்குப் போனீங்க? அவ்வளவு தூரம் மீன் திங்கவா?"

"ஹாய்ட்தான்... கார்ல கூட்டிட்டுப் போனார்." அழுதாள். "'உனக்கு ஒரு காட்சி காட்டறேன் ஓஸெல்லா'ன்னார். பிளேடு விஷயமும் அவர்தான் சொன்னார். 'சனிக்கிழமை அவன் நெத்தி கிழியும்... நீ டவல் கொடுப்பே... மீதி உன் மனசு போல'ன்னார்!"

ஷெரிஃப் நாற்காலியைத் தேடினார்.

"தன் ஆளையே எதுக்குக் கொல்லணும்?"

"லான்னியும் க்ராகோவும் அடுத்த மாசம் வேற கம்பெனிக்குப் போறாங்க. அது ஹாய்டுக்குத் தெரியும்." வெல்மாவின் முகம் சுளித்தது. "தனக்கு இல்லாதது இன்னொருத்தனுக்கும் கிடைக்கக் கூடாது. ஒருத்தன் பிணம், இன்னொருத்தன் கொலைகாரன், நடுவுல அஞ்சலி மேட்ச்... அந்தாளு சாவைக்கூட ட்ரெஸ்ஸிங் ரூம்ல உக்காந்து முடிவு பண்ணியிருக்கான்!"

-----

டெல்பர்ட் ஹிக்ஸ் ஸ்டேஷன் படிகளில் இறங்கினான். கூட்டம் முஷ்டியை உயர்த்தியது.

ஷெரிஃப் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளதைச் சொன்னார். ஹாய்டின் பெயரையும் சொன்னார்.

ஒருவரும் நம்பவில்லை.

டெல்பர்ட் சொந்தக் குரலில் பேசினான்.

"செத்தது என் மச்சான். என் தங்கச்சி தனியா இருக்கா. கொஞ்சம் வழி விடுங்க."

கயிறு வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். கூட்டம் விலகியது.

ஹாய்ட் பென்டர்கிராஸை மைதானத்தில், கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் பிடித்தார்கள். லாக்கப்புக்கு அழைத்து வந்தபோதும் சுருட்டு வாயில்தான்.

"அந்தப் பொம்பளை பேச்சு கோர்ட்ல நிக்காது! என் வக்கீல் காலையில வந்துடுவார்!"

"வரட்டும். அதுவரைக்கும் இங்கதான்."

வெல்மா பெரிய லாக்கப்பைத் திறந்தாள். விடுமுறை நாள், குடித்துவிட்டுக் கலாட்டா செய்த ஏழு பேர் ஏற்கெனவே உள்ளே. எல்லார் பனியனிலும் லான்னியின் படம். ஷெரிஃப் வாசலில் பேசியது ஜன்னல் வழியாக அவர்களுக்கும் கேட்டிருந்தது.

ஏழு பேரும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ஹாய்டின் வாயிலிருந்து சுருட்டு விழுந்தது.

"அ... அம்மா! வேற ரூம் இல்லையா?"

"இன்னொண்ணுல ஓஸெல்லாக்கா இருக்காங்க." வெல்மா அவரை உள்ளே தள்ளிப் பூட்டினாள். "நாற்காலியைப் போட்டுக்கிட்டு நான் இங்கயேதான் இருப்பேன். யாரும் உங்க மேல கை வைக்காமப் பாத்துக்கறேன். ஆனா ஒரு விஷயம், மிஸ்டர் பென்டர்கிராஸ்..."

சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் தூங்கிட்டா யார் ஜெயிக்கணும்னு இவங்ககிட்ட யாரும் சொல்லி வைக்கல!"