ஏழடுக்கு மலையில் ஒரு கல்தோட்டம்

"நாளைக்கு ஒரு நாள் தர்றேன். அந்தத் தோட்டத்தை நீ என் கண்ணுல காட்டிட்டா, இதே கடை வாசல்ல என் மீசையில பாதியை எடுத்துடுறேன். காட்டலைன்னா நீ எடுக்கணும். அதுக்கப்புறம் செத்தாலும் தோட்டம்னு வாயைத் திறக்கக் கூடாது."

காளமேகம் இப்படிச் சொன்னதும் டீக்கடையில் பேச்சு நின்றது. கருங்குழிப்பட்டியில் மீசை என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. அதிலும் காளமேகத்தின் மீசை ஊருக்கே பெருமை. மீசைக்குக் காட்டும் அக்கறையில் பாதியைப் படிப்பில் காட்டியிருந்தால் அண்ணன் இந்நேரம் கலெக்டர் ஆகியிருப்பான் என்பது அவன் தங்கை பொன்னழகியின் கருத்து.

செவந்திலிங்கம் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான்.

"சரி மாப்ள. விடியக் கிளம்புவோம்."

செவந்திலிங்கம் காளமேகத்துக்குத் தாய்மாமன் மகன். லோடு வண்டி ஓட்டுகிறவன். சின்னப் பையனாக இருந்தபோது தொலைந்த ஆட்டைத் தேடி ஏழடுக்கு மலையில் ஏறி வழி தவறிவிட்டான். பொழுது சாயும்போது இறங்கி வந்து, "மலைக்குள்ள ஒரு தோட்டம் இருக்கு. கல்லுல யானை இருக்கு, ஆமை இருக்கு, தண்ணி ஓடுது" என்றான். ஊர் சிரித்தது. அதன்பின் எத்தனையோ தடவை ஏறித் தேடியும் அந்த இடம் அகப்படவில்லை. புளுகுச் செவந்தி என்ற பெயர்தான் மிச்சம்.

பெயரோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. போன ஐப்பசியில் கண்மாய்க்கரையில் தண்ணீர் கசிகிறது என்று மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்து சொன்னான். "உன் தோட்டத்துக்குப் பாயுற தண்ணியா இருக்கும்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டுப் படுக்கப் போனார்கள். கரை உடைந்து, கீழ்வயல் முழுக்க மணல் மேடானது. தன் சொல் செல்லாத ஊரில் ஒரு மனிதன் எப்படி வாழ்வது? பந்தயத்துக்கு அவன் ஒப்புக்கொண்டது அதனால்தான், வீம்புக்காக அல்ல.

விடிகாலையில் மூவரும் மலையடிவாரத்தில் நின்றார்கள். மூன்றாவது ஆள் பொன்னழகி. மதுரையில் நர்சிங் படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள்.

"நான் நடுவர். அண்ணன்னும் பாக்க மாட்டேன், மச்சான்னும் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் புளியமரத்தடியில் விட்டாள்.

ஆண்கள் இருவரும் கழற்றினார்கள். அது மலைச்சாமியின் மலை. செருப்புக் காலோடு யாரும் ஏறுவதில்லை. வெறுங்காலோடு ஏறுவதால் இன்னொரு வழக்கமும் தானாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. பாறை சூடேறுவதற்குள் எல்லாரும் இறங்கிவிடுவார்கள்.

ஏறினார்கள். இலந்தை முள்ளையும் சப்பாத்திக் கள்ளியையும் விலக்கிக்கொண்டு முதல் மேட்டைத் தாண்டியதும் பொன்னழகி அப்படியே நின்றுவிட்டாள். எதிரே ஏழு பெரும் பாறைகள் அடுக்குப்பானை போல ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. எந்தக் கொத்தனும் அடுக்கவில்லை. வெயிலும் மழையும் காற்றும், மனிதன் பிறப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கி, மண்ணை அரித்து, கல்லை உருட்டி, கடைசியில் இந்தக் காரியத்தைச் செய்து வைத்திருந்தன. உச்சிப் பாறை இப்போதோ அப்போதோ விழுந்துவிடும் போல இருந்தது. எத்தனை புயல் வந்தும் அது விழவில்லை.

"தினம் வீட்டு வாசல்ல இருந்து பாக்குறதுதான். கிட்ட வந்தா மூச்சு நின்னுருது" என்றாள்.

"பாத்தது போதும், நட" என்றான் காளமேகம்.

அடுத்து சமணப் படுக்கைகள் வந்தன. குகைக்குள் வரிசையாகப் பாறையிலேயே வெட்டிய படுக்கைகள், தலைமாட்டில் கல் தலையணைகள். காளமேகம் ஒன்றில் படுத்துப் பார்த்து, "நம்ம வீட்டுக் கட்டிலை விடச் சொகமா இருக்கு" என்றான். அங்கிருந்து சற்று மேலே, சாய்ந்த பாறையின் அடியில் செங்காவி ஓவியங்கள். மான் ஓடியது. வில்லேந்திய மனிதர்கள் துரத்தினார்கள். ஒரு மனிதன் மட்டும் வேட்டையை மறந்து ஆடிக்கொண்டிருந்தான். அந்த ஆட்டக்காரனைப் பொன்னழகிக்கு மிகவும் பிடித்துவிட்டது. சார்ஜ் தீரும்வரை படம் எடுத்தாள். மற்ற இருவரின் போன்களும் அடிவாரத்தில் நிறுத்திய லோடு வண்டியிலேயே கிடந்தன.

செவந்திலிங்கத்துக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு இடுக்காக நுழைந்து நுழைந்து வந்தான். முழங்கை சிராய்த்தது. முகம் வாடியது. சூரியன் மளமளவென்று மேலே வந்தது.

"இறங்குற நேரம் தாண்டிருச்சு மாப்ள" என்று காளமேகம் எச்சரித்தான்.

"மேற்குச் சரிவு ஒண்ணுதான் பாக்கி. அதையும் பாத்துருவோம்."

"பாறை கொதிக்க ஆரம்பிச்சா இறங்க முடியாது."

"இன்னைக்கு விட்டா நான் வாயைத் திறக்கவே முடியாதுல்ல."

காளமேகம் அவன் பின்னாலேயே நடந்தான். எகத்தாளம் பேசுகிறவனே தவிர கல்நெஞ்சன் இல்லை.

மேற்குச் சரிவிலும் ஒன்றும் இல்லை. திரும்பும்போது உச்சி வெயில் பிடித்துக்கொண்டது. தொங்குகல் என்ற பாறையின் நிழலில் மூவரும் ஒண்டினார்கள். முன்னால் மொட்டைப்பாறை பரந்து கிடந்தது, ஒரு புல்கூட இல்லாமல். கீழே இறங்க அதைக் கடந்தாக வேண்டும். வைத்த கால் தோசைக்கல்லில் விட்ட மாவுதான். ஒண்டியிருந்த நிழலோ நிமிடத்துக்கு நிமிடம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"தண்ணி?" என்று கேட்டாள் பொன்னழகி.

காளமேகம் தலையைக் குனிந்தான். கடைசித் தண்ணீரில் அவன் முகம் கழுவி மீசையை நீவிவிட்டிருந்தான்.

"நீ மீசைக்கே பொறந்தவன்ணே" என்றாள். அதற்குமேல் திட்ட அவளுக்கு நாக்கில் ஈரம் இல்லை.

காளமேகம் துண்டை இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றினான். "நான் கீழ போயி செருப்பை எடுத்துட்டு ஆளைக் கூட்டியாறேன்."

"வழுக்கும்டா, வேணாம்" என்று செவந்திலிங்கம் சொல்லி முடிப்பதற்குள் அவன் ஓடினான். நாலு எட்டு வைத்திருப்பான். துணி வழுக்கியது. மல்லாந்து விழுந்து சரிவில் சர்ரென்று இழுபட்டுப் போனான். விளிம்புக்கு அந்தப்பக்கம் வெறும் பள்ளம். நல்லவேளை, பாறை வெடிப்பு ஒன்றில் விரல் மாட்டியது. தொற்றிக்கொண்டான். முதுகு தீயாக எரிந்தது.

செவந்திலிங்கம் யோசிக்கவில்லை, பாய்ந்தான். உள்ளங்கால் பொரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி, காளமேகத்தின் மணிக்கட்டைப் பற்றி, காலை அகட்டி ஊன்றி இழுத்தான். இழுத்து அவனை நிமிர்த்திய பிறகுதான் ஒன்று உறைத்தது. இடது கால் எரிந்துகொண்டிருந்தது. வலது கால் எரியவில்லை.

காலை மாற்றி வைத்துப் பார்த்தான். ஒரு முழ அகலத்துக்குப் பாறை சுடவே இல்லை. பார்க்க மற்ற இடம் மாதிரியே இருந்தது. ஆனால் குளுகுளுவென்றிருந்தது.

"மாப்ள, இங்க கால் வையி. சுடல."

காளமேகம் வைத்தான். கண் விரிந்தது.

"பொன்னு, ஓடியா. என் பக்கமா ஓடியா" என்று செவந்திலிங்கம் கத்தினான். அவள் குதித்துக் குதித்து வந்து சேர்ந்தாள். அந்தக் குளிர்ந்த கோட்டில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். கோடு கீழே போகவில்லை. பக்கவாட்டில் வளைந்து, அடர்ந்த காரைப் புதர் ஒன்றின் அடியில் போய் மறைந்தது. புதரை விலக்கினால் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஒரு பிளவு.

செவந்திலிங்கம் பிளவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான். "இதே வழிதான். அன்னைக்குக் கால் பொசுங்கி அழுதுகிட்டு, சுடாத எடமாப் பாத்து ஓடுனேன். இதேதான்."

நுழைந்தார்கள்.

உள்ளே தோட்டம் இருந்தது!

சுற்றிலும் ஆளுயரப் பாறைகள் மதிலாக நின்றன. மேலே இரண்டு பெரும் பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து கூரை வேய்ந்திருந்தன. இடைவெளி வழியே வெயில் இறங்கி ஒரு சுனையில் விழுந்தது. சுனையிலிருந்து விரலளவு வாய்க்கால்கள் பாறையில் வெட்டப்பட்டு, வளைந்து வளைந்து ஓடின. வழியெல்லாம் பாறையைக் குடைந்து பாத்தி கட்டியிருந்தார்கள். அவற்றில் காட்டுமல்லிகை பூத்திருந்தது, பெரணி தழைத்திருந்தது. எந்தக் காலத்து எந்தப் பாளையக்காரர் யாருக்காகப் போட்ட தோட்டமோ, சொல்ல அங்கே ஒரு கல்வெட்டும் இல்லை.

பொன்னழகி யானையின் அருகே போனாள். அதைச் சிற்பி செதுக்கவே இல்லை. பாறை முன்பே யானையாகத்தான் படுத்திருந்தது. அவன் ஒரு கண்ணும் காது மடிப்பும் மட்டும் வைத்திருந்தான். ஆமைக்கு ஓட்டில் நான்கு கோடு. அவ்வளவுதான். இயற்கை செய்ததை அழிக்காமல் தொட்டும் தொடாமலும் விட்ட அந்தக் கையை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

மூவரும் சுனைத் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தார்கள். பிறகு காளமேகம் வாய்க்காலைப் பின்தொடர்ந்து பிளவுவரை போய்ப் பார்த்தான். தண்ணீர் அங்கே பலகைக் கற்களின் அடியில் புகுந்து மொட்டைப்பாறைக்குள் போனது. அது ஓடிய தடத்துக்கு நேர் மேலேதான் அந்தக் குளிர்ந்த கோடு.

"ஏன் மச்சான், இத்தனை வருசமா ஏன் இது அகப்படல?" என்று பொன்னழகி கேட்டாள்.

செவந்திலிங்கம் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டான். "காலையில பாறை முழுக்கக் குளுந்துதானே கெடக்கும். நான் நம்ம ஊர் வழக்கப்படி விடியக்காலமே வந்து தேடியிருக்கேன்."

வெயில் தணிந்ததும் இறங்கினார்கள். டீக்கடையில் கூட்டம் காத்திருந்தது. செவந்திலிங்கத்தின் மீசைக்காக.

"தோட்டம் இருக்கு. நான் பாத்தேன்" என்றான் காளமேகம்.

கடைக்காரர் மருதையா வடைச்சட்டியிலிருந்து நிமிர்ந்தார். "நீயும் ஆரம்பிச்சுட்டியா? போட்டோ எங்க?"

"போட்டோ இருந்தாத்தான் என்ன? இப்பல்லாம் போனே வரைஞ்சு குடுத்துருது" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. பொன்னழகி வாதாடப் போனாள். காளமேகம் அவளைக் கையமர்த்தினான். பக்கத்து சலூனுக்குள் போய்க் கண்ணாடியையும் கத்தியையும் வாங்கி வந்து, வாசல் பெஞ்சில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்தான். ஒரு தரம் மீசையை ஆசையாக நீவினான். பிறகு வலதுபக்கத்தை மழித்துக் கீழே போட்டான்.

சிரிப்பு பட்டென்று நின்றது. கருங்குழிப்பட்டியில் பொய்க்காக மீசையை எடுத்தவன் இதுவரை பிறக்கவில்லை. மெய்யைச் சொல்வது பாதி வேலைதான். அதை நம்ப ஒருவன் வேண்டும், அந்த ஒருவன் அதற்காக எதையாவது இழக்கத் துணிந்தவனாகவும் இருக்க வேண்டும்.

மருதையா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். செவந்திலிங்கத்தின் முன்னால் நின்று, புளுகு என்ற பட்டத்தைச் சேர்க்காமல் முதல்முறையாகக் கேட்டார்.

"ஏப்பா செவந்தி, எங்களையும் கூட்டிட்டுப் போவியா? விடியக் கிளம்பிருவமா?"

"விடிய வேணாம்ணே" என்றான் செவந்திலிங்கம். "கால் சுடுற நேரத்துக்குப் போவோம்."

ஒருவரும் மறுக்கவில்லை.