ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நகல்

ட்ரிங்... ட்ரிங்!

சர்வர் ரூமில் இன்டர்காம் அலறியது. எழிலரசி எடுத்தாள்.

"நம்ம புது பிரேக் டிராயிங் போட்டி கம்பெனிக்குப் போயிடுச்சு! நம்ம மெயில் சர்வர்லருந்துதான் லீக். அது உன் கையிலதான இருக்கு?"

பேசியது ஜீவானந்தம். அந்த ஒரகடம் தொழிற்சாலையின் மேனேஜர்.

"சத்தியமா நான் இல்ல சார்!"

"மூணு மணிக்கு போலீஸ் வருது. அவங்ககிட்ட சொல்லிக்க!"

மணி இரண்டு. ஒரு மணி நேரத்தில் நிரூபிக்காவிட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான்!

செல்போனில் மெசேஜ்... இளம்பரிதி! குவாலிட்டி செக்‌ஷன் இன்ஜினீயர். ஆவணியில் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

'கேள்விப்பட்டேன். அழாத. நான் கீறேன்ல!'

கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு, யூனிக்ஸ் மெயில் சர்வரின் கட்டளைகள் அடங்கிய கான்ஃபிக் ஃபைலைத் திறந்தாள். அவளே வரி வரியாக எழுதிய ஃபைல். கீழே போனாள்...

மறுபடியும் படித்தாள்!

கடைசி வரி அவளுடையது அல்ல. வருகிற, போகிற எல்லா மெயிலுக்கும் ரகசியமாக ஒரு நகல் அனுப்பச் சொல்லும் உத்தரவு. எதிரே யாரென்றே தெரியாத ஒரு வெளி முகவரி!

அடப்பாவி! எவன்டா நீ?

பாஸ்வேர்டா? மூன்று ஷிஃப்டிலும் சர்வர் நின்றால் யாராவது கிளப்ப வேண்டுமே என்று ரேக் கதவின் உள்பக்கம் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தாள். புத்தி கெட்டவள்!

வரியை அழிக்கப் போன விரல் நின்றது. இருக்கட்டும்!

போலீசுக்கு போன் போட்டாள்.

"மேடம், மூணு மணி வேணாம். இப்பவே வாங்க. பின்பக்க கேட்ல!"

இருபது நிமிடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் உலகம்மாள் ஆஜர். இருவரும் யுபிஎஸ் ரூமில் பேட்டரிகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள். எழிலரசி செல்போனிலிருந்து தனக்குத் தானே ஒரு மெயில் தட்டினாள்.

'ஆதாரம் உள்ள ஹார்ட் டிஸ்க் யுபிஎஸ் ரூம் பீரோவில். மூன்று மணிக்கு போலீசிடம் கொடுக்க வேண்டும்.'

"இத யார் படிப்பா?" கிசுகிசுத்தார் உலகம்மாள்.

"நான்... அப்புறம் அந்தத் திருடன். வேற யாருக்கும் போகாது மேடம். மேனேஜராத்தான் இருக்கும். என்னைக் கண்டாலே அவருக்கு ஆகாது!"

ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்...

கதவு திறந்தது.

ஓர் உருவம் நேராக பீரோவுக்குப் போய்க் குடைந்தது. எழிலரசி மட்டும் மறைவிலிருந்து எழுந்தாள்.

இளம்பரிதி!

"இன்னாத்த தேடற, பரிதி?"

திடுக்கிட்டுத் திரும்பினான்.

"எழில்! உனக்காவத்தான்... டிஸ்க்க பத்திரமா..."

"டிஸ்க் இங்க இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீதான மெயில்ல..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். லேட்!

"எனக்கு நானே போட்ட மெயில்டா அது!" கத்தினாள் எழிலரசி. "தங்கமானவன்னு அப்பாகிட்ட சண்ட போட்டு ஒத்துக்க வச்சேனே... என்னையே ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியே, பாவி!"

"அவங்க பெரிய போஸ்ட் தரேன்னாங்க எழில்... உன்ன சும்மா மெமோ குடுத்து வுட்ருவாங்கன்னு நெனச்சேன். தப்புதான்! நமக்குள்ளயே முடிச்சுக்கலாம்..."

நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அவன் முகத்தில் வீசினாள்.

பேட்டரிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார் உலகம்மாள். கையில் விலங்கு!

"நட தம்பி... எஃப்ஐஆர்ல உனக்கொரு காப்பி நாங்களே ஃப்ரீயா குடுத்துடுவோம். திருட வேணாம்!"