விளாவிய தண்ணீர்

கொதிக்கிற தண்ணீரில் மல்லிகைப்பூ வாசனை வந்தது.

வசுமதி அடுப்பைத் தணித்துவிட்டு முகர்ந்து பார்த்தாள். புதுப்பூவின் மணமில்லை. ராத்திரி முழுக்கத் தலையிலேயே இருந்து கசங்கிய பூவின் புளித்த வாடை. அந்த வீட்டுக்குள் பூ வந்தே எத்தனையோ நாளாயிற்று. ஐந்து வயது மஹதிக்கு டைஃபாய்டு கண்டதிலிருந்து வசுமதிக்குத் தலைவாரிக்கொள்ளக்கூட ஒழியவில்லை. ஜுரம் விட்டதும் வேண்டுதல்படி வடபழனியில் குழந்தைக்கு மொட்டை போட்டு வந்தார்கள். "இனிமே தண்ணி விஷயத்துல ஏமாந்தா குழந்தை தாங்கமாட்டா" என்று டாக்டர் சொன்னது அவள் வயிற்றிலேயே உட்கார்ந்திருந்தது.

மந்தைவெளியில் அந்தக் கோடையில் குழாய்கள் காற்றைத்தான் கக்கின. லாரி வந்து குடியிருப்பின் நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் கொட்டும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று காய்ச்சி, ஆறவைத்து, அப்புறம் ஃபில்டரில் ஊற்றுவாள். அன்று மத்தியானம் ஃபில்டரைத் திறந்து உள்ளே வடிகட்டும் கேண்டிலைத் தேய்க்கப் போனபோது அதைச் சுற்றி ஒரு நீளமான தலைமுடி இறுகக் கிடந்தது. அவளுடைய முடி தோள்வரைதான். அருவருப்பில் காய்ச்சி வைத்திருந்த அத்தனை தண்ணீரையும் கொட்டிவிட்டு, வாட்ச்மேன் தனபாலனைக் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா, தண்ணி சுத்தமாத்தான கீது?"

"சம்ப்புல எறங்கிப் பாருப்பா."

அவன் பார்வை தரைக்குப் போயிற்று. "அதுக்குள்ள மட்டும் எறங்கமாட்டேம்மா. ப்ளீச்சிங் பவுடர் வோணா போடறேன். நீ நல்லா காச்சிக் குடி. பச்சைத்தண்ணி மட்டும் வாயில வெக்காத."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி அடுப்பை மூட்டினாள். விளக்கேற்றும் நேரம். கரண்ட் போயிற்று.

இருட்டில், படுக்கையறையில் குழந்தை இருமியது. சற்றுமுன் கொடுத்த மாத்திரை தொண்டையில் சிக்கியிருந்தது. "அம்மா... தண்ணி..." மூச்சு இழுத்தது. அப்போதுதான் கொதித்து இறங்கிய தண்ணீர். டம்ளரைத் தொட முடியவில்லை. வசுமதியின் கை, தினமும் குளிக்கிற வெந்நீருக்குச் செய்வதுபோல, பக்கத்து வாளியில் ஒரு கரண்டி மொண்டு விளாவியது. பதமாக இருந்தது. கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மஹதி மடக் மடக்கென்று குடித்தாள்.

காலி டம்ளரைக் கீழே வைத்தபிறகுதான் வசுமதிக்கு உறைத்தது. வாளியில் இருந்தது காய்ச்சாத தண்ணீர்.

'ஒரு கரண்டிதானே, பெருமாளே, ஒரு கரண்டிதானே' என்று முணுமுணுத்தபடி மெழுகுவர்த்தி தேடி சமையலறைக்குப் போனாள்.

சொட்.

ஃபில்டர்தான் ஒழுகுகிறது என்று நினைத்தாள்.

சொட். சொட்.

அதன் குழாயைத் தொட்டாள். காய்ந்திருந்தது. மூடியைத் திறந்து கையை விட்டாள். உள்ளேயும் ஈரமில்லை.

சத்தம் படுக்கையறையிலிருந்து வந்தது. அந்த வாசனையும்.

"அம்மா." குழந்தையின் குரல்தான். இருமல் சுத்தமாக நின்றிருந்தது. "இன்னும் கொஞ்சம் தண்ணி. காய்ச்சாம குடு."

மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை. சுவரைத் தடவித் தடவிப் போனாள். காலடியில் தரை நனைந்திருந்தது. கட்டில் தட்டுப்பட்டது. குனிந்தாள். ஜுரம் அடிக்கிறதா என்று பார்க்க, அந்தச் சின்ன மொட்டைத் தலையில் கையை வைத்தாள்.

விரல்களுக்குள் முடி புகுந்தது.

ஈரமான முடி. அடர்த்தியான முடி. தலையணை தாண்டி, கட்டில் விளிம்பு தாண்டி, தரைவரை தொங்கி, நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில், கசங்கிய மல்லிகைச் சரம்.