மீன்கள் சம்மதிக்க வேண்டிய தண்ணீர்

விடிந்ததும் இளவேனில் மொட்டைமாடிக்கு ஏறினாள். அந்த வாரம் அவள் வீட்டு மீன்முறை. கண்ணாடித் தொட்டியில் கெண்டைக் குஞ்சுகள் ஓடித் திரிவதைக் கண்ணால் பார்த்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்த அடுக்குமாடிக் கோபுரத்தின் குழாய்களில் தண்ணீர் வரும். எத்தனை சென்சார் வைத்தாலும் எண்ணூர்க்காரர்களுக்கு மீன்மேல்தான் நம்பிக்கை. சென்சார் பழுதானாலும் பச்சை விளக்கு காட்டும். மீனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அன்று மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஓரமெல்லாம் மெல்லிய நுரை. ஒரே ஒரு குஞ்சு மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதை அள்ளி நல்ல தண்ணீர் இருந்த பானையில் விட்டுவிட்டு, அபாயச் சங்கை அழுத்தினாள்.

கடல் ஏறி நிலத்தடி நீரை உப்பாக்கிய பிறகு, கோபுரத்துக்கு இருப்பது ஒரே தண்ணீர். துவைத்த தண்ணீர் ‘உயிர்ப்படுகை’ என்ற நுண்ணுயிர் மெத்தையில் இறங்கித் தெளிந்து, மீன்தொட்டிக்கு ஏறி, மறுபடி குடத்துக்கே வரும். சுழல்நீர் என்று பெயர். கடைச் சலவைத்தூள் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்பதால் அதற்குத் தடை. அழுக்குக்குப் பூந்திக்கொட்டை, கறைக்கு எலுமிச்சை, மொடமொடப்புக்கு வடிகஞ்சி, அவ்வளவுதான் சலவை. தண்ணீரைக் கெடுத்த வீட்டுக்கு ஓராண்டு சுழல்நீர் கிடையாது. லாரியில் வரும் உப்புத் தண்ணீர்தான்.

மதியம் கூடிய கூட்டத்தில் எல்லார் பார்வையும் சுபைதாமேல் விழுந்தது. கைக்குழந்தையோடு இளவேனிலின் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். அவள் வீட்டுத் துணி மணக்கும்.

“அது வெட்டிவேருங்க. மடிச்ச துணிக்கு நடுவுல வைப்போம்” என்றாள் சுபைதா.

“தூள் போடாம எந்தத் துணி இப்படி மணக்கும்?” என்றார் கோபுரத் தலைவர் ஞானதுரை. குழந்தையின் சட்டை கை மாறிக் கை மாறி வந்தது. இளவேனிலும் முகர்ந்து பார்த்தாள். தூள்தான் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். மாலையில் சுபைதா வீட்டுக் குழாயை அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்தால் ஜன்னல் திரைகள் பால்வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மறுநாள் மகள் மகிழினியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

“புதுசு மாதிரி இருக்கும்மா! டின்னுல இருந்த மொத்தக் கொட்டையையுமா வேகவச்சே?”

“இயற்கைதானேடி. எவ்வளவு போட்டாதான் என்ன?” என்றவளுக்கு வாய் அப்படியே நின்றுபோயிற்று. வழக்கமாக ஒரு கைப்பிடிதான் துணிப்பையில் முடிந்து போடுவாள். நேற்று அண்டா நிறையக் காய்ச்சியதில் பாதியை அப்படியே சாக்கடைக் குழாயில் கொட்டியிருந்தாள். அப்போது எழுந்த நுரையும் காலையில் பார்த்த நுரையும் ஒன்றுதான்.

மிச்சமிருந்த கஷாயத்தில் ஒரு கரண்டியை, மாடியிலிருந்து கொண்டுவந்திருந்த மீன் பானையில் ஊற்றினாள். பிழைத்திருந்த குஞ்சு மேலே வந்து காற்றுக்குத் தவித்தது. பதறிப்போய்த் தண்ணீரை மாற்றினாள். வெகு நேரம் கழித்துத்தான் அது வாலை ஆட்டியது. இளவேனில் பானையைத் தூக்கிக்கொண்டு எல்லாரிடமும் சொல்லக் கிளம்பினாள்.

“நாளைக்கு அவங்க வர்றாங்கம்மா. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லக் கூடாதா?” மகிழினி வாசலை மறித்தாள்.

“அதுவரைக்கும் அந்தப் பச்சப்புள்ளைய உப்புத் தண்ணியில குளிப்பாட்டச் சொல்றியா?”

குழாயை அடைக்க ஆள் வருவதற்குள் பானையும் கஷாயமுமாகக் கூட்டத்தின் முன் போய் நின்று நடந்ததைச் சொன்னாள். ஞானதுரை அவளைத் தனியே இழுத்தார். “கொட்டையும் விஷம்னு ஆயிட்டா நாளைக்கு எதுல துவைக்கிறது? பேசாம வீட்டுக்குப் போங்கம்மா.” கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அதுவே சௌகரியமாகப் பட்டது. எல்லார் வீட்டிலும் அதே டின் இருந்தது.

“விஷம்னு நான் சொல்லல சார். அளவு மீறினேன்னுதான் சொல்றேன். நம்பலைன்னா சொல்லுங்க, இந்த மீன்கிட்டயே கேட்டுடலாம்.” கரண்டியைப் பானைக்கு மேல் பிடித்தாள். வேண்டாம் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சுபைதாவின் குழாய் தப்பியது. இளவேனிலின் குழாய் அடைபட்டது.

மறுநாள் திரைகள் பளிச்சென்று தொங்கின. அவற்றைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. சமையலறையில் லாரித் தண்ணீர் நின்றது. காபிக்கு அதைக் காய்ச்சுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சுபைதா வந்து நின்றாள். இடுப்பில் குடம்.

“நன்றி சொல்ல வரலக்கா.” முகத்தில் சிரிப்பில்லை. “மத்தவங்க மோந்து பார்த்தாங்க, சரி, என்னைத் தெரியாது. நீங்க தெனமும் எம்புள்ளையத் தோள்ல போட்டுத் தூங்க வச்சவங்க. அந்த வாசன என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?”

சுபைதா குடத்தை வாசற்படிக்கு உள்ளே இறக்கி வைத்தாள்.

“எங்க பங்குத் தண்ணி. வர்றவங்களுக்குக் குடிக்கக் குடுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். குடத்துக்குள் ஒரு கட்டு வெட்டிவேர் மிதந்தது.