கையால் காட்டுங்கள்

தலைவலிப் பிரிவுக்கு நர்ஸாக மாற்றலாகி வந்த முதல் நாள் காலையிலேயே பெரிய டாக்டரின் சட்டம் தெரிந்துவிட்டது. நோயாளி வாயே திறக்கக் கூடாது. வலியைக் கையால் காட்ட வேண்டும். உள்ளங்கை ஒரு பக்கப் பொட்டுக்குப் போனால் ஒற்றைத் தலைவலி. ஒரே கண்ணைக் குத்திக் காட்டினால் கொத்துத் தலைவலி. இரண்டு கைகளும் பட்டை கட்டியதுபோல் தலையைப் பிடித்தால் வெறும் டென்ஷன். என்ன திமிர் அந்த மனுஷனுக்கு!

ஒருநாள் தைல வாசனையோடு ஒரு பெண் வந்தாள்.

"திடீர்னு மண்டையில இடி விழுந்த மாதிரி சார். இப்படி வந்ததே இல்ல..."

"வாயை மூடும்மா. கையால காட்டு."

வலி தாங்காமல் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"டென்ஷன். புருஷன்கூடச் சண்டையா? போய்த் தூங்கு."

ஜூனியர் டாக்டர்கள் சிரித்தார்கள். திடீரென்று உச்சத்துக்கு ஏறும் வலி மூளையில் ரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான். ஆனால் வலி திடீரென்று வந்ததைச் சொல்ல நோயாளிக்கு வாய் வேண்டுமே!

வெளி பெஞ்சிலேயே செத்துப்போனாள். தலையைப் பிடித்த கைகளைப் பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுவாரம் ஒரு பகல். ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

தைல வாசனை வந்தது.

ஜூனியர்களோடு பேசிக்கொண்டிருந்த பெரிய டாக்டரின் முகம் வெளுத்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிடரியைக் காட்ட ஒரு கையைத் தூக்கினார்.

கை பாதியில் நின்றது.

மணிக்கட்டில் நாலு விரல் பதிந்த பள்ளம். நான் பார்த்தேன்.

இரண்டு கைகளும் மெல்ல மேலே போய்த் தலையைச் சுற்றி இறுகின. கண்ணில் நீர் வழிய அவர் கையை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"என்ன சார், டென்ஷனா? வீட்ல சண்டையா?" என்றான் ஒரு ஜூனியர்.

"ஐயோ, சிரிக்காதீங்க! ஸ்கேனுக்குத் தூக்குங்க!" என்று கத்தினேன். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவர் சரிந்துவிட்டார்.

இப்போது இருக்கும் டாக்டரம்மா நல்லவர். யாரையும் பேசவிடுவார். நேற்று ஒரு டீச்சர் வந்து உட்கார்ந்தார்.

"இடது பக்கம் மட்டும்தான் டாக்டர் வலிக்குது."

"அப்புறம் ஏம்மா ரெண்டு கையையும் தலையில வச்சிருக்கீங்க?"

டீச்சர் கைகளை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"நான் வைக்கல டாக்டர்."